சாய்ந்த படகில் எழுந்த அலை: நல்லேப்பிள்ளியிலிருந்து உடும்பஞ்சோலை ஏரிக்கு

என் மூத்த பேத்தி சங்கீதா அயர்லாந்தில் நர்ஸ். போன வருடம் அவளைத் தலைமை நர்சாக உயர்த்திவிட்டார்கள். அடுத்தவன் கார்த்தி வங்கிப் பரீட்சை எழுதித் தேறி, இப்போது பாலக்காட்டில் ஏசி அறைக்குள் உட்கார்ந்து வேலை பார்க்கிறான். மூன்றாமவள் நிவேதா வட்டு எறிவதில் ஜில்லாவிலேயே முதல். அந்தக் கேடயம் எங்கள் டிவி மேல்தான் இருக்கிறது, யார் வந்தாலும் காட்டுவேன். கடைக்குட்டிப் பேரன் நவீன் படகு ஓட்டும் தேர்வைக் கொச்சியில் எழுதி ஒரே தடவையில் தேறினான். இவ்வளவு பெயர்களையும் நீங்கள் நினைவில் வைக்க வேண்டாம். இந்தப் பயணத்தில் வருவது நவீனும் அவனுடைய அக்கா தாரணியும்தான். தாரணி மெக்கானிக்கல் இன்ஜினியர். கோயமுத்தூரில் பம்பு கம்பெனி வேலையை விட்டுவிட்டு, இருபத்தைந்து வருடத்துப் பழைய படகு ஒன்றை வாங்கிக்கொண்டு வந்து எங்கள் கட்டுத்தரையில் மாடுகளுக்குப் பக்கத்தில் நிறுத்தினாளே, அவள்தான்.

பொங்கல் நோம்பி முடிந்த வெள்ளிக்கிழமை அந்தப் படகை இழுத்துக்கொண்டு இடுக்கி மலைக்குப் போனோம். அதைத்தான் எழுதப் போகிறேன். நான் படித்தது தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது வரை. எழுதினதை நவீன் ஒற்றுப் பிழை பார்த்துத்தான் இங்கே, இந்த இணையப் பக்கத்தில், போடுகிறான். ஆனால் ஒரு வாக்கியத்தைக்கூட மாற்றக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன்.

முதலில் அந்த விளையாட்டு என்னவென்று சொல்லிவிடுகிறேன், எனக்கும் இது புரிய ஆறு மாதம் ஆனது. படகு மெதுவாக ஓடும்போது அதற்குப் பின்னால் ஒரு அலை எழும். அந்த அலையின்மேல் ஒரு சின்னப் பலகையை வைத்து அதன்மேல் நிற்பதுதான் வேக் சர்ஃபிங். முதலில் ஒரு கயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்க வேண்டும். அலை நன்றாக இருந்தால் கயிற்றைப் படகுக்குள் எறிந்துவிடலாம். அதன்பிறகு அலையே தள்ளிக்கொண்டு வரும். எந்தப் பிடியும் இல்லை. முதன்முதலில் தாரணி போனில் காட்டியபோது, "இதென்ன கண்ணு, கம்ப்யூட்டர்ல பண்ணுனதா?" என்று கேட்டேன்.

இதற்கென்றே செய்த புதுப் படகின் விலைக்கு எங்கள் பக்கத்தில் நாலு ஏக்கர் வயல் வாங்கலாம். அதனால்தான் தாரணி பழைய ஸ்கீ படகைத் தேடிப் பிடித்தாள். கொச்சிப் பக்கம் மூடிப்போன ஒரு ரிசார்ட்டில் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்தது அது. ஆனால் ஸ்கீ படகில் ஒரு சங்கடம் உண்டு. அதன் பின்னால் சறுக்கிப் போகிறவர்களுக்குத் தண்ணீர் சமமாக இருக்க வேண்டும். அதனால் அலையே வராதபடிதான் அந்தப் படகைச் செய்திருப்பார்கள். அலை வராதபடி செய்ததை அலை வரும்படி மாற்றுவதுதான் இவளுடைய வேலை. அதற்குப் படகில் பாரம் ஏற்றித் தண்ணீருக்குள் ஆழமாக இறக்க வேண்டும். அந்தப் பாரமும் ஒரு பக்கமாக, பின்மூலையில் இருக்க வேண்டும். எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கம்தான் அலை நிற்கும். இந்தக் கடைசி வரியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் கதை முழுக்க இதில்தான் மாட்டிக்கொண்டது.

கட்டுத்தரையில் நடந்த வேலையைச் சொன்னால் தனிக் கட்டுரை ஆகும். தரைப் பலகையைப் பெயர்த்தபோது அடியில் பெருச்சாளிக் குடும்பமே இருந்தது. உளுத்த பலகையை மாற்றி, ஃபைபர் பூசி, சீட்டுகளுக்குப் புது உறை தைத்தோம். இன்ஜினுக்குத் தண்ணீர் இழுக்கும் ரப்பர் சக்கரம் இதழ் இதழாக உதிர்ந்து கிடந்தது. பழைய படகு வாங்குகிறவர்கள் முதலில் அதைத்தான் மாற்ற வேண்டுமாம், இல்லையென்றால் இன்ஜின் சூடாகி வெந்துவிடும். எங்கள் போர் மோட்டாரிலிருந்து குழாய் இழுத்துக் கொடுத்து, நிலத்தில் நிறுத்தியே இன்ஜினை ஓட்டிப் பார்த்தாள். அந்தச் சத்தத்தில் செவலை மாடு கயிற்றை அறுத்துக்கொண்டு நெல் வயலுக்குள் இறங்கி ஓடியது. நான் அதன் பின்னால் ஓடினேன். எனக்குப் பின்னால் தாரணி, "அம்மிச்சி, ஸ்டார்ட் ஆயிருச்சுங்க! ஸ்டார்ட் ஆயிருச்சுங்க!" என்று கத்திக்கொண்டே வந்தாள். மாட்டைப் பிடிப்பதா, பேத்தியைக் கட்டிப்பிடிப்பதா என்று தெரியாமல் வரப்பிலேயே நின்றுவிட்டேன்.

பாரத்துக்காகப் பெரிய ரப்பர் பைகள் மூன்று வாங்கியிருந்தாள். ஏரியில் போய்த் தண்ணீர் நிரப்பினால் ஒவ்வொன்றும் நூற்றெண்பது கிலோ. படகு எவ்வளவு தாங்கும் என்று ஒரு தகட்டில் பொறித்திருந்தது. அதற்குள் கணக்கு நிற்க வேண்டும் என்பதற்காக, படகில் ஏறக்கூடிய எங்கள் எல்லாரையும் நெல் மூட்டை நிறுக்கும் தராசில் ஏற்றினாள். என் எடையை டாக்டரைத் தவிர யாரும் கேட்டதில்லை. எண்பத்து நாலு கிலோ! என் மாப்பிள்ளை, அதாவது தாரணியின் அப்பா, எண்ணைப் பார்த்துவிட்டு, பார்க்காதவர் மாதிரி கொய்யா மரத்தைப் பார்த்தார். மரியாதை தெரிந்தவர்.

அவரைப் பற்றி ஒரு வார்த்தை. என் மாப்பிள்ளை நெல் விவசாயி. வயலில் பரம்படித்துச் சமன் செய்தால் தண்ணீர் கண்ணாடி மாதிரி நிற்கும். டிராக்டர் பெட்டியில் அவர் மூட்டை அடுக்கினால் ரோட்டில் போகிறவர்கள் நின்று பார்ப்பார்கள், நூல் பிடித்த மாதிரி இருக்கும். ஒரு மூட்டை ஓரமாகத் துருத்திக்கொண்டு இருந்தாலும் மனுஷனுக்குத் தூக்கம் வராது.

இனி ஏரிக்கு வருகிறேன். வாய்க்காலில் இந்தப் படகு திரும்பவே முடியாது. அணைகளில் சொந்தப் படகை இறக்க விட மாட்டார்கள். அலைந்து திரிந்து தாரணி கண்டுபிடித்தது உடும்பஞ்சோலைப் பக்கம் ஒரு ஏலத் தோட்டத்துக்குள் இருக்கும் சொந்த ஏரி. ஓடையை மறித்துக் கட்டியது, நீளம் ஒன்றே கால் கிலோமீட்டர். தோட்டக்காரர் செல்லத்துரை அண்ணாச்சி. அந்த ஏரியில் பெடல் படகு விடுவதற்கு வேறு ஒரு கூட்டமும் கேட்டுக்கொண்டிருந்தது. அண்ணாச்சி, "ஞாயித்துக்கிழமை மத்தியானத்துக்குள்ள உங்க அலையக் கண்ணுல காட்டுங்க. காட்டினா ஏரி உங்களுக்கு. இல்லன்னா அவுகளுக்கு" என்று சொல்லிவிட்டார். அந்த ஏரி கிடைக்காவிட்டால் எங்கள் படகுக்குத் தண்ணீரே இல்லை. இதையே தொழிலாக நம்பி வேலையை விட்டுவிட்டு வந்த பெண்ணுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று நீங்களே பாருங்கள்.

காலை நாலரைக்குக் கிளம்பினோம். சித்தூர் சலீம் பாயின் பிக்கப் வண்டி, பின்னால் டிரெய்லரில் படகு. அதற்குப் பின்னால் எங்கள் காரில் நான், மாப்பிள்ளை, தாரணி. நவீன் பாயோடு ஏறிக்கொண்டான். கோபாலபுரம் செக்போஸ்டில் டார்ச் அடித்துப் பார்த்த போலீஸ்காரப் பையன் என் ஜன்னலுக்கு வந்து, "இதெந்தா அம்மச்சீ, கல்யாணத்தினு போகுவாணோ?" என்று கேட்டான். படகுக்கு நான் மல்லிகைச் சரம் கட்டியிருந்தேன், அதனால் வந்த வினை. "ஆமா மோனே, படகுக்குத்தான் கல்யாணம்" என்றேன். சிரித்துக்கொண்டே காகிதங்களைப் பார்த்துவிட்டு விட்டான். படகின் பதிவு, பரிசோதனைக் காகிதம், டிரெய்லரின் காகிதம் எல்லாம் ஒரே உறையில் கைக்கு எட்டும்படி வைத்திருங்கள். இரண்டு எல்லை தாண்ட வேண்டும், இரண்டிலும் கேட்டார்கள்.

உடுமலையிலிருந்து மறையூர் வழியாகப் போனால் தூரம் குறைவு. ஆனால் அது காட்டுப்பாதை, நீளமான டிரெய்லருக்கு ஆகாது என்று பாய் சொல்லிவிட்டார். அதனால் பொள்ளாச்சி, பழனி, வத்தலக்குண்டு, தேனி, போடி என்று சுற்றிப் போனோம். எங்கள் வீட்டிலிருந்து ஏரி வரை வண்டி மீட்டரில் 284 கிலோமீட்டர். பழனியில் மலையைப் பார்த்து ஒரு கும்பிடு. ஒட்டன்சத்திரத்துக்கு முன்னால் ஒரு கடையில் ஆளுக்கு நாலு இட்லி, ஒரு வடை. ஐந்து பேருக்கு முந்நூற்று நாற்பது ரூபாய். சட்னி கொஞ்சம் தண்ணீராக இருந்தாலும் சூடாக இருந்தது.

போடிமெட்டு ஏறுவதுதான் பயணத்தின் உச்சம். கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றிலும் பாய் வண்டியை வெளிப்பக்கமாக அகலமாக ஒடித்து, டிரெய்லர் வால் பாறையில் உரசாமல் கொண்டுபோனார். கீழே போடி ஊர் சிறுசு சிறுசாக ஆகிக்கொண்டே போனது. ஒரு வளைவில் எதிரே வந்த ஜீப்பில் ஏலத் தோட்டத்துக்குப் போய்வரும் பெண்கள் பத்துப் பதினைந்து பேர் இருந்தார்கள். படகைப் பார்த்ததும், "யக்கா, மலைக்கு மேல கடல் வந்துருச்சாக்கா?" என்று ஒருத்தி கூவினாள். எல்லாரும் கை தட்டினார்கள். நானும் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி ஆட்டினேன். மாப்பிள்ளை மட்டும் ஒவ்வொரு வளைவிலும் படகு எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்து, அதற்கு எதிர்ப்பக்கமாகத் தானும் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு வந்தார். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

பூப்பாறை தாண்டி ஏரிக்குப் போனபோது மணி மூன்று. ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரிலிருந்து வந்த வாசம் காருக்குள்ளேயே நிறைந்துவிட்டது. செல்லத்துரை அண்ணாச்சி ஸ்வெட்டரும் குல்லாவுமாக நின்றிருந்தார். அவர் தாத்தா காலத்தில் திருநெல்வேலிப் பக்கமிருந்து வந்த குடும்பமாம்.

"வாங்க ஆச்சி. இவ்ளோ தூரம் நீங்களுமா வந்திய?"

"என்ற பேத்தி அலை மேல நிக்கிறத நான் பாக்காம வேற ஆருங்க பாக்கறது?"

"நிக்கட்டும், பாப்போம். பாத்த பொறவுதான பேச்சு" என்று சிரித்தார். சிரிப்பு நல்ல சிரிப்புதான். ஆனால் சொன்னதிலிருந்து இறங்கி வருகிற ஆள் இல்லை என்று தெரிந்தது.

தங்குவதற்குத் தோட்டத்திலேயே அறை இருக்கிறது. ஒரு நாளைக்கு ஆயிரத்து எண்ணூறு, வெந்நீர் உண்டு. தை மாதக் குளிரில் ஒரு கம்பளி போதாது, இன்னொன்று கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

சனிக்கிழமை படகை இறக்கினோம். தேங்காய் உடைத்து, சூடம் காட்டி, டிரெய்லரைத் தண்ணீருக்குள் பின்னோக்கி விட்டதும், கட்டுத்தரையில் ஆறு மாதம் கிடந்த அந்தப் படகு வாத்து மாதிரி மிதந்தது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, குளிர்காற்று என்று சொல்லிவிட்டேன். சின்ன மோட்டாரை வைத்துப் பைகளில் தண்ணீர் நிரப்பினார்கள். இடது பின்மூலையில் ஒரு பை, இடது நடுவில் ஒரு பை, மூக்குப் பக்கம் பாதி நிரப்பிய பை ஒன்று. வலது பக்கப் பின்புறத்தில், வெளியே, தாரணி செய்த ஒரு பலகையைப் பொருத்தினார்கள். அது தண்ணீரைக் கொஞ்சம் தடுத்து, இடப்பக்க அலையைச் சுத்தமாக்குமாம். படகு இடப்பக்கமாக நன்றாகச் சாய்ந்து நின்றது. கரையில் நின்ற மாப்பிள்ளையின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! தலைகீழாகக் கவிழ்ந்த நெல் வண்டியைப் பார்க்கிறவர் மாதிரி இருந்தது.

"அம்மணி, இப்படிச் சாஞ்சு நிக்கறது நல்லால்லீங்கம்மா" என்றார்.

"அப்பா, சாஞ்சாத்தானுங்கப்பா அலை."

"அதுக்குன்னு இவ்வளவா?"

அன்று ஓட்டிப் பார்ப்பதற்குள் பின்மூலைப் பையின் ஓரத்தில் தையல் விட்டுத் தண்ணீர் கசிந்தது. சைக்கிள் டியூபுக்கு ஒட்டுகிற மாதிரி ஒட்டுப் போட்டு, இரவெல்லாம் காய வைத்தார்கள். அதோடு சனிக்கிழமை போய்விட்டது.

ஒட்டிய பையை மறுபடியும் நிரப்பி, ஞாயிறு காலை எட்டு மணிக்கு நவீன் ஸ்டியரிங்கைப் பிடித்தான். தாரணி மிதவைச் சட்டை போட்டுக்கொண்டு, காலில் பலகையைத் தொட்டபடி தண்ணீரில் மல்லாந்து கிடந்தாள். கயிறு ஆறு மீட்டர் நீளம்தான், ஸ்கீ கயிறு மாதிரி நீளம் இல்லை. படகு நகர்ந்தது. அவள் எழுந்து நின்றாள்! நான் கரையில் நின்றுகொண்டு கையைத் தட்டுகிறேன், விசில் அடிக்கத் தெரிந்திருந்தால் அதையும் அடித்திருப்பேன். ஆனால் அலை வரவில்லை. படகுக்குப் பின்னால் வெள்ளை வெள்ளையாக நுரைதான் கொப்பளித்தது. அவள் கயிற்றைத் தளர்த்தினாள், அப்படியே பின்தங்கி மூழ்கினாள். இரண்டாவது தடவையும் அதேதான். மணிக்குப் பதினாறு கிலோமீட்டர் வேகம், பிறகு பதினேழு, பிறகு பதினைந்து என்று நவீன் மாற்றி மாற்றிப் பார்த்தான். கயிற்றைக் குறைத்துப் பார்த்தார்கள். படகுக்கு வெளியே பொருத்திய பலகையைக் கழற்றி மாட்டிப் பார்த்தார்கள். அவள் எழுவாள், மூழ்குவாள்.

பத்தரைக்குப் படகு கரைக்கு வந்தது. தாரணியின் உதடு நீலமாகிவிட்டது.

"சாயவே மாட்டேங்குதுங்க அம்மிச்சி. நேத்து என்ன அழகாச் சாஞ்சு நின்னுச்சு! அந்தப் பை மறுபடியும் ஒழுகுதுன்னு நினைக்கறேன்."

பையில் இன்னும் தண்ணீர் ஏற்றினார்கள். படகு கீழே இறங்கியதே தவிர, ஒரு பக்கமாகச் சாயவில்லை. அண்ணாச்சி கைக்கடிகாரத்தைப் பார்க்கவில்லை, ஆனால் கரையிலிருந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அது அதைவிட மோசமாக இருந்தது.

அப்போதுதான் தாரணி என்னை மேலும் கீழும் பார்த்தாள். தராசின் முள் அவள் மனதில் ஓடியிருக்க வேண்டும்.

"அம்மிச்சி, ஏறுங்க. அந்த மூலையில போய் உக்காருங்க."

"நானா?"

"எண்பத்து நாலு கிலோ ஒழுகாத பாரமுங்க நீங்க."

ஆரஞ்சு நிற மிதவைச் சட்டையைச் சேலைக்கு மேல் மாட்டி, வார்களை இறுக்கி, நாலு பேர் கை கொடுத்து என்னை ஏற்றினார்கள். தாரணி பலகையோடு மறுபடியும் தண்ணீரில் இறங்கினாள். இடது பின்மூலையில் போய் உட்கார்ந்தேன். உட்கார்ந்து, எதிரே வலப்பக்கத்துச் சீட்டுக்கு அடியில் எதேச்சையாகப் பார்த்தேன். அங்கே தார்ப்பாய்க்கு அடியிலிருந்து ஒரு உரச் சாக்கின் வாய் எட்டிப் பார்த்தது. பக்கத்தில் இன்னொன்று, அதற்குப் பக்கத்தில் இன்னும் இரண்டு. எல்லாம் மணல். சணல் கயிற்றை இரண்டு சுற்றுச் சுற்றி, முனையை உள்ளே செருகாமல் ஒரு விரல் நீளம் வெளியே விட்டுக் கட்டியிருந்தது. அந்த முடிச்சை நான் முப்பது வருடமாக எங்கள் களத்தில் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

விடிவதற்குமுன் எல்லாரும் டீ குடிக்கப் போயிருந்தபோது மாப்பிள்ளை மட்டும் வரவில்லை. இப்போது தெரிந்தது. இடப்பக்கம் எவ்வளவு பாரமோ, அதற்குச் சரியாக வலப்பக்கம் மணல் மூட்டை அடுக்கிச் சமன் செய்திருக்கிறார். மகள் தண்ணீரில் இறங்குகிற படகு, சாய்ந்தபடி இருப்பதைப் பார்த்துக்கொண்டு அவரால் சும்மா இருக்க முடியவில்லை. சாய்ந்தால்தான் அலை என்று மகள் சொல்லியிருந்தும், அலை வராததற்குத் தன் மூட்டைகள்தான் காரணம் என்று அவருக்கு உறைக்கவில்லை, பை ஒழுகுகிறது என்றே நம்பினார். கரையில் நின்றபடி மகளின் நீல உதட்டைப் பார்த்துக்கொண்டு, கையைப் பிசைந்துகொண்டிருந்தார்.

அண்ணாச்சி பார்த்துக்கொண்டிருக்கிறார், பாய் நிற்கிறார், தோட்டத்து ஆட்கள் பத்துப் பேர் நிற்கிறார்கள். எங்கள் பக்கத்தில் மாமியார் மாப்பிள்ளையை நாலு பேருக்கு நடுவில் ஒரு சொல் சொல்ல மாட்டாள். சொல்லாமல் விட்டால் ஏரி போய்விடும். மூச்சு விடுகிற நேரம்தான் யோசித்தேன்.

"மாப்பிள்ளைங்க!" என்று கூப்பிட்டேன். "எனக்கு ஒத்தையா இந்த ஓரத்துல உக்காரப் பயமா இருக்குதுங்க. நீங்களும் வந்து என்ற பக்கத்துல உக்காருங்க."

அவர் வந்தார். வந்து உட்கார்ந்ததும் வாயைத் திறக்காமல் எதிர்ச் சீட்டின் அடியைக் கண்ணால் காட்டினேன். அவர் பார்த்தார். என்னைப் பார்த்தார். பின்னால் தண்ணீரில் நடுங்கிக்கொண்டிருந்த மகளைப் பார்த்தார். அவர் முகத்தில் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக விளங்குவதை நான் பார்த்தேன்.

"இதுனாலயா அத்தை?" என்று எனக்கு மட்டும் கேட்கும்படி கேட்டார்.

"இருக்குமுங்க."

எழுந்தார். தார்ப்பாயை விலக்கினார். தூக்கி ஏரியில் போடுவார் என்று நினைத்தேன். போடவில்லை. நாலு மூட்டைகளையும் ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொண்டு வந்து, என் காலடியில், இடது மூலையில், அவருக்கே உரிய நேர்த்தியோடு அடுக்கினார். படகு கிறீச்சென்று முனகி இடப்பக்கமாகச் சாய்ந்தது. ஸ்டியரிங்கில் இருந்த நவீன் திரும்பிப் பார்த்து, "அப்பா, அந்த மணல் எங்க இருந்துங்க?" என்றான். "வண்டியப் பாத்து ஓட்டு சாமி" என்றார் மாப்பிள்ளை.

மணல் மூட்டையும் கணக்கில் சேர்ந்ததால், பைக்குள் கூடுதலாக ஏற்றிய தண்ணீரை வெளியே விடச் சொன்னாள் தாரணி. தகட்டில் உள்ள கணக்கைத் தாண்டக் கூடாது என்பதில் அவள் கறார். நாற்காலியில் இருந்த அண்ணாச்சிக்கு இருப்புக் கொள்ளவில்லை.

"ஏ தம்பி, இன்னும் ஒரு ஆளு எடம் இருக்கா? நானும் எழுவது கிலோ இருக்கேன் பாத்துக்க."

அவரும் ஏறி மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் ஒடுங்கிக்கொண்டார். மூன்று பெரியவர்கள் மூலையில் கோழி மாதிரி நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தோம். தண்ணீர் என் முழங்கைக்கு ஒரு சாண் கீழேதான் ஓடியது. மாப்பிள்ளை ஒரு கையால் படகின் விளிம்பையும் இன்னொரு கையால் அண்ணாச்சியின் ஸ்வெட்டரையும் பிடித்திருந்தார்.

நவீன் வேகம் கொடுத்தான். தாரணி எழுந்தாள்.

எப்படிச் சொல்வது? வாய்க்காலில் மடையைத் திறந்தால் முதல் தண்ணீர் சுருண்டுகொண்டு வருமே, அந்தத் தண்ணீர் ஓடிப் போகாமல் அப்படியே நின்றால் எப்படி இருக்கும்? எங்கள் மூலைக்குப் பின்னால் அப்படி ஒரு அலை எழுந்து நின்றது. நுரை இல்லை. பச்சைக் கண்ணாடி. தாரணியின் இடுப்பு உயரம் இருந்தது. நாங்கள் ஓடுகிறோம், அதுவும் எங்களோடு ஓடுகிறது, உடையவே இல்லை. அதன் சரிவில் என் பேத்தி முழங்காலை மடக்கி நின்றுகொண்டு, கயிறு தொய்ந்து போவதைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். கயிற்றின் பிடியைத் தூக்கி எறிந்தாள். அது நேராக என் மடியில் வந்து விழுந்தது, ஈரமாக, ஜில்லென்று.

அவள் கையில் ஒன்றும் இல்லை. இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு வந்தாள். நான் கத்தினேன், என்ன கத்தினேன் என்று எனக்கே தெரியாது. அண்ணாச்சி, "அடி ஆத்தி! அடி ஆத்தி!" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். ஏரியின் அந்தக் கோடி வரைக்கும் அவள் விழவில்லை. மாப்பிள்ளை விளிம்பிலிருந்த கையை எடுத்துவிட்டார். சாய்ந்த படகில், ஒரு பிடியும் இல்லாமல் உட்கார்ந்து, மகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கரைக்கு வந்ததும் அண்ணாச்சி குல்லாவைக் கழற்றிப் பிழிந்துகொண்டே சொன்னார்: "அந்தப் பெடல் போட்டுக்காரவுகளுக்கு இப்பவே போனப் போட்டு வர வேண்டாம்னு சொல்லிருதேன். ஆனா ஆச்சி, ஒண்ணு கேக்கேன். ஒவ்வொரு வாட்டியும் நீங்க வரணுமோ?"

"பை ரிப்பேர் ஆகற வரைக்கும் வருவனுங்க" என்றேன்.

தாரணி துண்டைப் போர்த்திக்கொண்டு அப்பாவிடம் வந்தாள். மணல் விவரம் அவளுக்கு அதற்குள் புரிந்துபோயிருந்தது. "அப்பா, அடுத்த தடவ பாரம் அடுக்கறது நீங்கதானுங்க. உங்கள மாதிரி அடுக்க எனக்கு வராது" என்றாள். மனுஷன் தலையை மட்டும் ஆட்டினார். இதையெல்லாம் எழுதலாமா என்று பிறகு அவரிடமே கேட்டேன். "எழுதுங்க அத்தை. நம்ம பக்கத்து ஆளுக ஆரு படகு வாங்குனாலும் முதல்ல இதத்தான் பண்ணுவாங்க" என்றார்.

பழைய படகு வைத்துக்கொண்டு இந்த ஆசை இருக்கிறவர்களுக்கு நான் கற்றதைச் சொல்கிறேன். பின்பக்கம் விசிறி வெளியே தொங்கும் மோட்டார் படகில் இதைச் செய்யவே கூடாது. ஆள் நிற்பது படகை ஒட்டி, விழுந்தால் காலை வெட்டிவிடும். இன்ஜின் நடுவிலும் விசிறி அடிவயிற்றுக்குக் கீழேயும் இருக்கும் படகுதான் இதற்கு ஆகும். பாரத்தோடு ஓடும்போது சட்டென்று நிறுத்தக் கூடாது, நாம் எழுப்பின அலையே பின்னால் வந்து உள்ளே ஏறும். எங்களுக்கு ஒரு தடவை ஏறி, என் சேலை முழுக்க நனைந்தது. உள்ளே வந்த தண்ணீரை வெளியேற்றும் பம்பு வேலை செய்கிறதா என்று முதலிலேயே பாருங்கள். மூலையில் இருப்பவர்களுக்கு இன்ஜின் புகை அடிக்கும், எனக்கு மாலையில் தலையை வலித்தது. அதனால் ஓட்டத்துக்கு ஓட்டம் ஆளை மாற்றுங்கள். பெட்ரோல் மணிக்குப் பதினைந்து லிட்டருக்குக் குறையாது. உடும்பஞ்சோலைப் பக்கம் பங்க்குகள் தள்ளித் தள்ளித்தான் இருக்கின்றன, போடியிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள். நீச்சல் தெரிந்தாலும் மிதவைச் சட்டையைக் கழற்றாதீர்கள். எல்லாவற்றுக்கும் மேல், படகு சாய்ந்து நிற்பதைப் பார்த்துப் பயந்தால் அதை இன்ஜினியரிடம் வாயைத் திறந்து சொல்லிவிடுங்கள், மணலிடம் சொல்லாதீர்கள்.

சங்கீதா பட்டம் வாங்கியபோது நான் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தேன். நிவேதா வட்டு எறிந்தபோது கம்பி வேலிக்கு வெளியே நின்றேன். கார்த்தியின் வங்கியில் விசிட்டர் நாற்காலி. என் பிள்ளைகள் ஜெயித்த எல்லா இடத்திலும் நான் பார்த்துக்கொண்டிருந்தவள். இந்த ஒரு இடத்தில் நான் பாரமாக இருந்தேன், அதுவும் தேவையான பாரமாக. இப்போது பையைக் கொச்சிக்கு அனுப்பித் தையல் போட்டு வாங்கிவிட்டார்கள். அடுத்த தடவை என் மூலையில் தண்ணீர்தான் உட்காரும். உட்காரட்டும்.

அதனால் நவீன் கண்ணு, பிழை பார்த்து முடித்ததும் ஒரு வேலை செய். இந்தப் பக்கத்தின் உச்சியில், கட்டுத்தரையில் செவலை மாட்டுக்குப் பக்கத்தில் நான் சாணிக்கூடையோடு நிற்கிற அந்தப் பழைய படத்தை எடுத்துவிடு. சலீம் பாய் கரையிலிருந்து எடுத்தாரே, அக்கா கையை விரித்துக்கொண்டு அலைமேல் வருகிற படம், அதைப் போடு. அவள்மட்டும் தெரிகிற மாதிரி வெட்டிவிடாதே. மூலையில் ஆரஞ்சு நிறத்தில் கயிற்றை மடியில் வைத்துக்கொண்டு ஒருத்தி வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறாளே, அவளும் இருக்கட்டும். அவள் இல்லாவிட்டால் அந்த அலை நின்றிருக்காது.